மோர் போதுமா, 108 வேண்டுமா? வெயிலில் விழுந்தவருக்கு முதலுதவி

வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் நம் ஊரில் முதலில் ஓடி வருவது சோடா பாட்டில். ஒருவர் முகத்தில் பீய்ச்சுவார், இன்னொருவர் தலையை நிமிர்த்தி வாயில் ஊற்றுவார், இழுப்பு மாதிரி இருந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கவும் ஓர் ஆள் இருப்பார். எல்லாம் நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் விழுந்தவருக்கு வந்திருப்பது சாதாரண மயக்கம் என்றால் இதெல்லாம் இல்லாமலேயே எழுந்துவிடுவார். உடம்பின் சூடு கட்டுமீறி ஏறி மூளையையே தாக்கும் ஹீட் ஸ்ட்ரோக் என்றால் இதில் எதுவும் அவரைக் காப்பாற்றாது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உங்க பேர் என்ன, இது எந்த இடம், இன்னைக்கு என்ன கிழமை? தலைவலி, வாந்தி, கால் துவளுகிறது என்று எத்தனை புலம்பினாலும் பதில் சரியாக வருகிறதா? அப்படியென்றால் நிழல், தண்ணீர், மோர் என்று போகலாம். பதில் குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா, தள்ளாடுகிறாரா, பேச்சே இல்லையா? உடம்பும் அனலாகக் கொதிக்கிறதா? அப்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மூளை வெந்துகொண்டிருக்கும் ஒரு ஆளை. மோர் தேடி ஓடுகிற நேரம் அது இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அது புரிந்தால் செய்ய வேண்டியது தானாக நினைவில் நிற்கும்.

நம் உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஒரு 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறினால் அது பல மடங்காகும். அந்த வெப்பம் வெளியேற வேண்டும். சுற்றியிருக்கும் காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை பாதி வேலை தானாக நடந்துவிடும். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளியே 40 என்றால் கணக்கு தலைகீழாகிறது. வெப்பம் உடம்பிலிருந்து போவதற்குப் பதில் உள்ளே வருகிறது. அப்புறம் மிஞ்சியிருக்கும் ஒரே வழி வேர்வை. அதிலும் வேர்ப்பதால் மட்டும் குளிர்ச்சி கிடைப்பதில்லை, அந்த வேர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழுந்த வேர்வையால் உடம்புக்கு நஷ்டம்தான், தண்ணீரும் உப்பும் போனதே மிச்சம்.

அதனால்தான் வேலூரில் 41 டிகிரியைத் தாங்குகிறவர் சென்னையில் 37 டிகிரிக்கே தவித்துப் போகிறார். கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, வேர்வை ஆவியாக இடமில்லை. இந்திய வானிலை ஆய்வு மையமும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வெப்ப அலை என்று சொல்ல, வழக்கத்தைவிட வெப்பம் கூடியிருப்பதோடு, சமவெளியில் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், கடலோரத்துக்கு 37 போதும்.

கத்திரி முடிந்தால் கவலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பஞ்சாங்கப்படி அது மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடிகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003ஆம் ஆண்டு மே 31 அன்று. கத்திரி கழிந்த பிறகு!

சின்னத் தொல்லைகள்

வேர்க்குருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளித்து, ஈரம் போகத் துடைத்து, காற்றாடப் பருத்தித் துணி உடுத்தினால் அடங்கிவிடும். பவுடரை அப்பிக்கொள்வதால் வேர்வைத் துளைகள் இன்னும் அடைபடத்தான் செய்யும்.

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கெண்டைக்கால், தொடை, வயிறு என்று சதை முறுக்கிப் பிடிக்கிறதே, அது வேர்வையோடு உப்பு போனதன் விளைவு. வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளியவர்களுக்கு இது இன்னும் அதிகம் வரும். சதையை மெல்ல நீட்டிவிட்டு, உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ குடித்தால் சரியாகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் பிடித்தாலோ, பிடித்தவர் இதய நோயாளியாக இருந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

பள்ளி மைதானத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளை பொத்தென்று விழுவது வேறு கதை. வெயிலில் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது ஒரு நிமிடம் குறையும். படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் திறந்துவிடும். இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு, விழுந்த பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது. உடம்பு தானே படுத்துக்கொண்டு மருத்துவம் பார்த்துக்கொள்கிறது, நாம் அதை நிமிர்த்தி வைக்கிறோம்.

அடுத்த படி வெப்பச் சோர்வு. இதில் வேர்வை கொட்டும், முகம் வெளிறும், தலை வலிக்கும், குமட்டும், நாடி வேகமாக ஓடும், நிற்க முடியாது. ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். நிழலுக்கோ ஃபேன் இருக்கும் அறைக்கோ கொண்டுபோய், பெல்ட், காலணி, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்தி, படுக்க வைத்து, கழுத்திலும் மாரிலும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். வாந்தி இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியவில்லையென்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வந்தாலோ ஆஸ்பத்திரி. தெளிந்தவரை அன்றைக்கே திரும்ப வேலைக்கு அனுப்பக் கூடாது. "இப்போ நல்லாயிட்டேன் மேஸ்திரி" என்று அவரே சொன்னாலும் கூடாது. அந்த நாள் சம்பளத்துக்காகத்தான் அவர் அதைச் சொல்கிறார் என்பது மேஸ்திரிக்கும் தெரியும்.

ஹீட் ஸ்ட்ரோக்: முதலில் குளிர வை, பிறகு வண்டியில் ஏற்று

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். அந்தச் சூட்டில் மூளை, ஈரல், சிறுநீரகம், சதை என்று ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். எத்தனை டிகிரிவரை போனது என்பதைவிட, எத்தனை நேரம் அந்தச் சூட்டில் கிடந்தார் என்பதுதான் அவர் பிழைப்பாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்ற ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் ஓட்டப்பந்தயம் நடக்கும். பந்தய முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டிகளோடு மருத்துவக் கூடாரம் போட்டிருப்பார்கள். அங்கே 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து தொட்டியில் இறக்கப்பட்ட 274 பேரில் ஒருவர்கூட சாகவில்லை. புது மருந்து எதுவுமில்லை, விழுந்த இடத்திலேயே உடனே குளிர வைத்தார்கள், அவ்வளவுதான். நாம் என்ன செய்கிறோம்? ஷேர் ஆட்டோவில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து, மடியில் அவரைக் கிடத்தி, டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் போகிறோம். அந்த முக்கால் மணி நேரமும் அவர் அதே சூட்டில் கிடக்கிறார்.

சரி, நம்மிடம் பனிக்கட்டித் தொட்டி இல்லை. ஆனால் நம் ஊரில் வெயிலுக்கு அதிகம் அகப்படுகிற கட்டட வேலைத் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் குளிர வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது. கான்கிரீட்டை நனைக்க வைத்திருக்கும் ஹோஸ், தண்ணீர்த் தொட்டி, பில்லரில் சுற்றிய ஈரச் சாக்கு, சிமெண்ட் மூட்டையை மூடிய தார்ப்பாய், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தார்ப்பாயை நிழலில் விரித்து அவரை நடுவில் கிடத்துங்கள். சட்டை, பேண்ட்டைக் கழற்றிவிடுங்கள், உள்ளாடை மட்டும் போதும். நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அது ஒரு தொட்டி ஆகிவிடும். ஹோஸால் தண்ணீரை நிரப்புங்கள், பக்கத்து மீன் கடையிலோ ஜூஸ் கடையிலோ ஐஸ் கிடைத்தால் வாங்கிக் கொட்டுங்கள். உடம்பைச் சுற்றித் தண்ணீர் அலைகிற மாதிரி பாயை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும், மூச்சையும் அவர்தான் கவனிக்க வேண்டும். முதலில் வரும் ஹோஸ் தண்ணீர் கொதிக்கும், கொஞ்சம் ஓடவிட்டுவிட்டுப் பிடியுங்கள். தார்ப்பாய் இல்லையா? தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே அட்டையாலோ ஃபேனாலோ விடாமல் விசிறுங்கள். ஐஸ் கொஞ்சம்தான் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள், பெரிய ரத்தக் குழாய்கள் அங்கேதான் தோலுக்குப் பக்கத்தில் ஓடுகின்றன.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் 108-க்கு அடிக்க வேண்டும். இந்த வேலையை "யாராவது போன் பண்ணுங்கப்பா" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம். நினைவு திரும்பி ஒழுங்காகப் பேசத் தொடங்கினாலோ, உடம்பு நடுங்க ஆரம்பித்தாலோ நிறுத்தலாம். ஆம்புலன்ஸ் வராத ஊர் என்றால், குளிர வைத்தபிறகு ஜன்னலைத் திறந்தோ ஏசியைப் போட்டோ, ஈரத்துணியோடு வண்டியில் கொண்டுபோங்கள்.

"சூட்டு உடம்புல பச்சத் தண்ணியைக் கொட்டினா ஜன்னி வந்துரும்" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரே விதிவிலக்கு, வயதானவர்களும் இதய நோயாளிகளும். அவர்களை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதைவிடச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து நனைத்து விசிறுவது நல்லது.

வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. சோடா, இளநீர், குளுக்கோஸ், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். நினைவு தடுமாறியவருக்கு விழுங்கத் தெரியாது, ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் அவருக்குத் தேவைதான், ஆனால் வெளியே, தோல் மேல். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் சாவி, இரும்பு எதையும் திணிக்காமல் தலை இடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சே நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தும் சிபிஆர்-ஐத் தொடங்க வேண்டும்.

இன்னொரு பழைய நம்பிக்கை, ஹீட் ஸ்ட்ரோக் என்றால் வேர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்பது. நாலு நாளாகத் தகர ஷீட் வீட்டில் புழுங்கிக் கிடக்கும் பாட்டிக்கு அது பொருந்தும். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்த இளைஞனுக்கோ, ஓட்டப் பயிற்சியில் விழுந்த போலீஸ் பணி விண்ணப்பதாரருக்கோ உடம்பெல்லாம் நனைந்திருக்கலாம். வேர்வையைப் பார்த்துவிட்டு "பயமில்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அந்தப் பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் விழ மாட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கட்டிலில் கிடப்பார். முந்தாநாள் சாப்பாடு குறைந்திருக்கும், நேற்றுத் தூங்கிக்கொண்டே இருந்திருப்பார், இன்று மகனைப் பார்த்து இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வீட்டில் "வயசாயிடுச்சு, உளறுது" என்று விட்டுவிடுவார்கள். வயதானால் தாகம் குறையும், வேர்வையும் குறையும். ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் நீர் மாத்திரை இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றும். சில மனநல மருந்துகளும் சளிக்கான சில மாத்திரைகளும் வேர்வையைக் கட்டிப்போடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கோடை வருமுன் டாக்டரிடம் அளவைப் பற்றிக் கேளுங்கள். மே மாதத்தில் ஒரு பாட்டி திடீரென்று உளறினால், வயதை நினைக்கும் முன் நெற்றியையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள்.

தொட்டால் கொதிக்கிறது என்றதும் பாராசிட்டமால் எடுக்கக் கை போகும். அது இங்கே உதவாது. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது, ஏசி ரிமோட்டில் 24-ஐ 28 ஆக்குவதுபோல. மாத்திரை போய் அதைப் பழையபடி 24 ஆக்குகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் ரிமோட்டை யாரும் தொடவே இல்லை, வெளியிலிருந்து வரும் சூட்டுக்கு ஏசி தோற்றுப்போய்விட்டது. ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ஈரலுக்கு மாத்திரை கூடுதல் சுமை, அவ்வளவுதான்.

என்ன குடிக்கலாம்

நினைவோடு இருப்பவருக்கு உப்புப் போட்ட நீர்மோரைவிட நல்லது எதையும் தேட வேண்டியதில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, ஆனால் வேர்வையில் முக்கியமாகப் போகும் சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் ஈடுகட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதே பொட்டாசியத்துக்காக இளநீரைத் தவிர்க்க வேண்டும். நீராகாரம், கம்மங்கூழ் எல்லாம் அருமை. டீ, காபி அளவாகக் குடித்தால் குடி முழுகிப் போகாது. சாராய வகைகள் எதுவும் கூடாது, பீரும்தான்.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்தால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவும் ஓஆர்எஸ் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வந்தன. சரியான கரைசல் அல்லாதவை அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலைத் தளத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் சித்தாள் பெண்களுக்கு இந்தப் பட்டியல் எதுவும் பயன்படாது. அங்கே முதலில் கட்ட வேண்டியது கழிப்பறை.

தோல் வெந்தால்

வெயில் சுட்டுத் தோல் புண்ணாவதற்கும் மேலே சொன்ன எதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது வெப்பத்தின் வேலை அல்ல, புற ஊதாக் கதிர்களின் வேலை. அதனால்தான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊட்டியில் சுற்றியவர் முகம் எரிகிறது என்று திரும்பி வருகிறார். மலையில் உயரம் 1000 மீட்டர் கூடினால் இந்தக் கதிர்கள் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேகமூட்டமும் இதை முழுசாகத் தடுப்பதில்லை.

கறுப்புத் தோலுக்கு இது வராது என்பதும் சரியில்லை. நம் தோலின் நிறமி கொஞ்சம் காக்கும், அவ்வளவுதான். வெள்ளைத் தோலில் தெரிவதுபோலச் சிவப்பு நமக்குத் தெரியாது, தொட்டால் சூடு, எரிச்சல், இழுத்துப் பிடிப்பது, சில நாளில் உரிவது என்றுதான் தெரியும். சில மணி நேரம் கழித்தே எரியத் தொடங்கும், மறுநாள்தான் உச்சம். பருவுக்கும் சில காய்ச்சல்களுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்ச வெயிலே போதும்.

செய்ய வேண்டியது எளிது. நிழலுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் நனைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் இருக்கும்போதே கேலமைன் லோஷனோ கற்றாழைச் சோறோ தடவலாம். கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிடுங்கள், அது தோலை அரிக்கும். ஐஸை நேராக வைக்காதீர்கள். டூத்பேஸ்ட், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் எரியும் தோலில் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் இங்கே தாராளமாகப் போடலாம். பெரிய பரப்பில் கொப்புளம், காய்ச்சல், குளிர் நடுக்கம், அல்லது பாதிக்கப்பட்டது கைக்குழந்தை என்றால் டாக்டர். தடுப்பதற்கு, தாத்தாக்கள் பிடித்துப் போன அந்தக் கறுப்புக் குடை இன்றைக்கும் முதல் தரம்.

வேலைக்குத் திரும்பும்போது

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகியபின் வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பும் குறையும். அதனால்தான் அதிகம் விழுகிறவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களும், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ரயிலில் வந்து இறங்கிய பையனை மறுநாளே கம்பி கட்ட மொட்டை மாடிக்கு ஏற்றக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் கொஞ்சம் கூட்டலாம்.

ஹீட் ஸ்ட்ரோக்கிலிருந்து எழுந்தவர் ஆள் பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஈரலும் சிறுநீரகமும் கெட்டது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியவரும். சிறுநீர் அடர் பழுப்பாக வந்தால் சதை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் அறிவித்திருக்கிறது. பத்துக்குப் பத்து தார்ப்பாய் ஒன்றும் இரண்டு டஜன் ஓஆர்எஸ் பாக்கெட்டும் தளத்தில் வாங்கி வைக்க சில நூறு ரூபாய் போதும்.